நக்கோ என்று எழுதிய டேப்

உன் மகள் கொடுத்துவிட்டுப் போன டேப் துண்டு என் மேசைமேல் கிடக்கிறது. சாதாரண மாஸ்கிங் டேப். என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. பசை காய்ந்து, ஒட்டியிருந்த நோட்டு அட்டையின் நீலத் தாளையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு வந்திருக்கிறது. அதன்மேல் கறுப்பு மார்க்கரில் என் கையெழுத்து. தமிழில் மூன்றே எழுத்து: நக்கோ.

பத்து நாளைக்கு முன், ஞாயிற்றுக்கிழமை, நான் சர்ச்சிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, செகந்திராபாத் மாரெட்பள்ளியில் என் வீட்டு வாசலில் உன் மகளின் ஸ்கூட்டர் வந்து நின்றது. உன் காரியத்தன்று கூட்டத்தின் பின்னால் நின்று சாப்பிட்டுவிட்டு நழுவியவள் நான். எப்படித்தான் விலாசம் கண்டுபிடித்தாளோ. உன் பழைய லேப் நோட்டைப் பையிலிருந்து எடுத்து, உள்ளட்டையில் ஒட்டியிருந்த இந்த டேப்பைக் காட்டினாள். "ஆன்ட்டி, யே ஆப்கா ரைட்டிங் ஹை நா?" நாம் பேசும் தமிழெல்லாம் அவளுக்குப் புரிகிறது. பதில்தான் ஹிந்தியிலும் இங்கிலீஷிலும் வருகிறது.

"ஆமாம்மா, என் எழுத்துதான். என்ன எழுதிருக்குன்னு உங்கம்மா சொல்லலியா?"

"மம்மி கோ தமிழ் படனா நை ஆதா தா, ஆன்ட்டி. யூ டின்ட் நோ?"

அம்மாவுக்குத் தமிழ் படிக்க வராது, உங்களுக்குத் தெரியாதா என்கிறாள். உனக்குக் கத்தரிக்காய் பிடிக்காது என்று சொல்வதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். இந்த டேப்பைப் பார்த்து நீ ஒருநாள் சிரித்தாயாம். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்டதற்கு, "எனக்கு இன்னா தெரியும், அந்த ஆன்ட்டியப் பாத்தா கேளு" என்றாயாம். அதற்காகத்தான் வந்திருக்கிறாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பழைய பாட்டில் லேபிள்மா, அதுல ஒண்ணுமில்ல" என்றேன். காப்பி கொடுத்து, பிளம் கேக் ஒரு துண்டு கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டேன். அவள் டேப்பை நோட்டிலிருந்து உரித்து எனக்கே விட்டுவிட்டுப் போனாள்.

அடியே, செத்தவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். அந்த மரியாதையெல்லாம் என்னிடம் எதிர்பார்க்காதே. இதைத் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு எந்த மொழியிலும் எனக்கு வாய் நிறையத் திட்ட வராது. உன்னால் இதைப் படிக்க முடியாது என்பது இப்போது தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். பதினோரு வருஷம் என்னை முட்டாளாக்கி வைத்திருந்தாயே, அதற்கு இதுகூட எழுதாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும்.

நாம் இருவரும் ஒரே வாரத்தில் அந்த பேட்டரி ஆய்வகத்தில் சேர்ந்தோம். இருவருக்கும் ஒரே ஒப்பந்த வேலை, ஒரே மேசையின் இரண்டு பக்கம். மாடி முழுக்கத் தெலுங்கும் ஹிந்தியும் கேட்கும் இடத்தில் நீ போனில் யாரிடமோ, "நக்கோ டி, இன்னிக்கி வாணாம்" என்று சொன்னது காதில் விழுந்ததும் நான் நாற்காலியோடு திரும்பினேன். உங்கள் குடும்பம் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து மெட்டுகுடா குவார்ட்டர்ஸிலேயே மூன்று தலைமுறை கழித்த குடும்பம். எங்களுடையது பாளையங்கோட்டையிலிருந்து போலாரத்து ராணுவ ஆபீஸில் கிளார்க் வேலைக்கு வந்தது. நீ "இன்னாடி" என்பாய், நான் "என்னட்டி" என்பேன். எது தமிழ் என்று டிபன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு சண்டை போடுவோம். உன் பேச்சில் பாதிக்கு மேல் தக்கனி, இந்த ஊர் உருது. ஆமாம் என்பதற்கு ஹவ், ஏன் என்பதற்குக் கைக்கு, வேண்டாம் என்பதற்கு நக்கோ. ஒரு மாதத்தில் என் வாயிலும் அந்த நக்கோ ஒட்டிக்கொண்டது. வீட்டில் அம்மா இட்லி வைக்க வந்தால்கூட நக்கோ என்பேன். அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

நம் வேலை ஒரு லித்தியம் உப்போடு. லித்தியம் ஹெக்ஸாஃபுளோரோஃபாஸ்பேட் என்று அதற்கு முழ நீளப் பெயர். நமக்கு அது வெறும் உப்பு. பார்த்தால் சமையலறை உப்பைப் போலவேதான் இருக்கும், வெள்ளை வெளேரென்று. செல்போனில் இருக்கிற பேட்டரிக்குள் லித்தியம் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போய்வர ஒரு திரவம் வேண்டும். அந்தத் திரவத்தில் கரைகிற உப்பு இது. லித்தியம் உப்பு எத்தனையோ உண்டு. ஒன்று நன்றாக மின்சாரம் கடத்தும், ஆனால் வெடிக்கும். ஒன்று பலமாக நிற்கும், ஆனால் விஷம். இன்னொன்று சூட்டைத் தாங்கும், ஆனால் பேட்டரிக்குள் இருக்கும் அலுமினியத் தகட்டை அரித்துவிடும். நம் உப்பு எல்லாவற்றிலும் சுமார். அதனால்தான் உலகம் முழுக்க அதையே எடுத்துக்கொண்டார்கள். "எதுலயும் ஃபர்ஸ்ட் இல்ல, எதுலயும் ஃபெயிலும் இல்ல. என்ன மாரியே" என்று நீ சொல்லிச் சிரித்தது ஞாபகமிருக்கிறது. அன்றைக்கு நானும் சிரித்தேன்.

அதற்கு ஒரே ஒரு எமன் உண்டு, ஈரம். காற்றில் இருக்கிற ஈரம் பட்டாலே போதும், உப்பு சிதைந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வரும். கண்ணாடியையே தின்கிற அமிலம். அதனால் அந்த உப்பைக் கண்ணாடி பாட்டிலில் வைப்பதில்லை. உள்ளே பிளாஸ்டிக் பூசிய அலுமினிய பாட்டிலில்தான் வரும். அந்த பாட்டிலும் வெளிக்காற்றைப் பார்க்கக் கூடாது. கிளவ் பாக்ஸுக்குள், அதாவது ஆர்கான் வாயு நிரப்பிய பெட்டிக்குள் வைத்து, அதன் சுவரில் பொருத்திய நீள ரப்பர் கையுறைகளுக்குள் கையை விட்டுத்தான் திறப்பது, நிறுப்பது, கரைப்பது எல்லாம். உள்ளே பத்து லட்சம் பங்கில் ஒரு பங்கு ஈரம் என்று மீட்டர் காட்டினாலே நாம் முகம் சுளிப்போம். கெட்டுப்போன உப்பு கண்ணுக்குத் தெரியாது, அதுதான் வினை. நிறைய கெட்டால் திரவம் மஞ்சளாகிப் பழுப்பாகும். கொஞ்சம் கெட்டால் தண்ணீர்போலத் தெளிவாக இருந்துகொண்டே பேட்டரியை உள்ளிருந்து அரிக்கும்.

கிளவ் பாக்ஸின் வெளிக்கதவில் துறைத்தலைவர் ஒட்டவைத்த தாள் இருந்தது. எந்த பாட்டிலிலும் குறிப்பு எழுதினால் ஆங்கிலத்தில், தேதியோடு, கையெழுத்தோடு எழுத வேண்டும். நல்ல விதிதான். நான் அதை மதிக்கவில்லை. அந்த மாடியில் தமிழ் எழுத்து தெரிந்தவர்கள் நாம் இருவர்தான் என்று எனக்கு ஒரு கொழுப்பு. டேப்பைக் கிழித்து எதன்மேலும் தமிழில் எழுதி ஒட்டுவேன். உன் டிபன் டப்பாமேல், "பாதி எனக்கு." தராசின்மேல், "இன்று இதற்கு மூடு சரியில்லை." உப்பு பாட்டிலில் ஒன்றைத் திறந்துவிட்டால், புதியதைத் திறக்குமுன் அதைக் காலி செய்ய வேண்டும் என்பதற்காக, "முதலில் இதைத் தீர்." ஒட்டிவிட்டு, "எழுதி வெச்சிருக்கேன், பாத்தியா?" என்று கேட்பேன். நீ, "ஹவ், பாத்தேன்" என்பாய். எப்போதுமே பார்த்தேன் என்றுதான் சொன்னாய், படித்தேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. இப்போது யோசித்தால் அதுகூட உறைக்கிறது.

ஏன் மறைத்தாய் என்று கேட்டுக்கொண்டே நான்கு நாள் தூங்கவில்லை. பிறகு காரணம் ஞாபகம் வந்தது. என் வாய்தான். சேர்ந்த இரண்டாம் வாரம், கேன்டீனில் ஒரு பையன் வந்து தானும் தமிழன் என்றான். பேசுவேன், எழுதப் படிக்க வராது என்றான். அவன் நகர்ந்ததும் நான் உன்னிடம், "சொந்த எழுத்து தெரியாதவன்லாம் ஒரு தமிழனாட்டி? வெக்கமா இருக்காது?" என்றேன். நீ ரசத்தை உறிஞ்சிக்கொண்டே, "ஹவ்" என்றாய். மெட்டுகுடாவில் படித்தவளுக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுத்தார்கள்? உனக்குத் தெலுங்கு எழுத்து தெரியும், ஹிந்தி தெரியும், இங்கிலீஷ் தெரியும். எனக்கு ஞாயிறு பள்ளியும் பாமாலைப் புத்தகமும் இருந்தன, அதனால் தமிழ் வந்தது. இதில் என் சாமர்த்தியம் எங்கே இருக்கிறது? யோசிக்காமல் பேசிவிட்டேன். நீயும் என்னைப் போடி என்று சொல்லியிருக்க வேண்டியதுதானே?

கிறிஸ்மஸ் கீதப் பாடலுக்கு வந்து என் பக்கத்தில் நின்று பாடினாயே. கையில் பாட்டுப் புத்தகம் விரித்தபடி, ஒவ்வொரு அடியையும் எனக்கு அரை நொடி பின்னால். "ஒனக்குத் தாளமே வராதுட்டி" என்று எல்லோர் முன்னாலும் கேலி செய்தேன். நீ என் வாயைக் கேட்டுக் கேட்டுப் பாடியிருக்கிறாய். என் அத்தை மகன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது கையில் வைத்துக்கொண்டே, "எந்த ஊருல டி? எப்போ?" என்று கேட்டாய். அச்சடித்துத்தானே இருக்கிறது என்று எரிந்து விழுந்தேன். கண்ணெதிரே எல்லாம் நடந்தது. எனக்குத்தான் கண் இல்லை.

உன் கதைக்கு வருகிறேன். நீ வலியைச் சொல்ல மாட்டாய், அந்த வியாதியையும் இங்கேயே எழுதிவிடுகிறேன். கழிவு டப்பாவிலிருந்து பழைய திரவம் கொஞ்சம் சிந்தியதை ஒருநாள் காலையில் நீ துடைத்தாய். கையுறை நுனியில் கிழிசல். அந்த அமிலத்தின் குணம் நம் இருவருக்கும் பாடமாகவே தெரியும்: தொட்ட உடனே வலிக்காது. தோலுக்குக் கீழே இறங்கி, எலும்பின் கால்சியத்தைத் தேடிப் போய், மணிக்கணக்கு கழித்துத்தான் உயிர் போகிற வலி வரும். மத்தியானம் நீ இடது கையாலேயே சோறு பிசைவதைப் பார்த்து உன் வலது கையைப் பிடித்துத் திருப்பினேன். ஆள்காட்டி விரல் நகத்துக்கு அடியில் வெள்ளையாக வெளுத்திருந்தது. கால்சியம் குளுக்கோனேட் களிம்பை எடுத்து உன் விரலில் தேய்த்துக்கொண்டே, கட்டிடமே கேட்கிற மாதிரி கத்தினேன். "காலையிலயே தெரியுமா ஒனக்கு? வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?" டாக்டரிடம் போகிற வழியில் ஆட்டோவில் நீ மெதுவாகச் சொன்னாய்: "நீ கத்துவேன்னுதான் டி சொல்லல." அதற்கும் கத்தினேன்.

பதினோரு வருஷத்துக்கு முந்தின அந்த ஆகஸ்டுக்கு வருகிறேன். மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. கிளவ் பாக்ஸின் கையுறை ஒன்றில் ஊசிமுனை ஓட்டை விழுந்து, ஈரம் காட்டும் மீட்டர் ஏறிவிட்டதை நான்தான் பார்த்தேன். உள்ளே உப்பு பாட்டில் ஒன்று மூடி தளர்ந்த நிலையில் இருந்தது. மூடினேன். கையுறையை மாற்றினேன். மீட்டர் இறங்கியது. அந்த உப்பு கெட்டிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. வெளியே எடுத்துக் கழிவில் சேர்க்கப் படிவம் நிரப்ப வேண்டும், கையெழுத்து வாங்க வேண்டும்; எனக்கு அன்று சாயங்காலம் அத்தை மகன் கல்யாணத்துக்கு ரயில். டேப்பைக் கிழித்து, நக்கோ என்று எழுதி, உள்ளே அனுப்பி பாட்டில்மேல் ஒட்டினேன். உன் சொல்லையே எழுதுகிறோம், பார்த்ததும் சிரிப்பாள் என்று நினைத்தேன். இந்த ஊரில் காய்கறிக்காரனிலிருந்து கலெக்டர்வரை எல்லோருக்கும் புரிகிற சொல்லை, யாருக்கும் படிக்க வராத எழுத்தில் எழுதிவிட்டு ரயிலேறினேன். உனக்கு ஒரு போன் செய்திருந்தால் போதும். ஒரே ஒரு போன்.

நிதி கொடுத்தவர்கள் பார்க்க வரும் செல்களுக்கு, அதாவது குட்டி பேட்டரிகளுக்கு, மறுநாள் நீ திரவம் கலக்கினாய். உள்ளே ஒரே மாதிரி இரண்டு பாட்டில். ஒன்றில் தமிழில் டேப், ஒன்று சும்மா. இதுவரை பாட்டில்மேல் நான் ஒட்டிய டேப் எல்லாம் "முதலில் இதைத் தீர்" என்பதுதான். அதை மட்டும் நான் ஒருமுறை வாயால் சொல்லியிருந்தேன். தமிழ் டேப் இருக்கிற பாட்டில்தான் முதலில் எடுக்க வேண்டியது என்று நீ எடுத்தாய். வேறு என்ன செய்வாய்? எழுத்தைப் படம்போலப் பார்ப்பவளுக்கு ஒரு டேப்பும் இன்னொரு டேப்பும் ஒன்றுதான். திரவம் தெளிவாக வந்தது. செல்களைக் கட்டினாய். இரண்டாவது வாரமே சார்ஜ் நிற்காமல் ஒவ்வொன்றாகச் சரிய ஆரம்பித்தன. அமிலம் மாங்கனீஸ் மின்முனையைத் தின்றுகொண்டிருந்தது. வந்தவர்கள் வெறும் சரிவுக் கோட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

துறைத்தலைவரின் அறையில் நாம் இருவரும் நின்றோம். நான், கெட்ட பாட்டிலில் எச்சரிக்கை ஒட்டிவிட்டுத்தான் போனேன் என்றேன். பாட்டிலை எடுத்துவரச் சொன்னார். அதில் டேப் இல்லை. அவர் உன் பக்கம் திரும்பி, எச்சரிக்கை இருந்ததா என்று கேட்டார். நீ, இருந்தது சார் என்றாய். எங்கே என்றார். பாட்டிலின் வாயைத் துடைக்கும்போது உரித்துப் போட்டுவிட்டேன் என்றாய். படித்தாயா என்றார். படித்தேன், அவசரத்தில் மதிக்காமல் விட்டுவிட்டேன் என்றாய். இங்கிலீஷில், நிதானமாக, குரல்கூட நடுங்காமல். அவர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். எச்சரிக்கை இருந்தும் அலட்சியம். எந்த மொழியில் எழுதியிருந்தது என்று அவர் கேட்கவில்லை. கேட்டுவிடப் போகிறாரே என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கேட்கவில்லை என்றதும் மூச்சு விட்டேன். அதை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்கு விதி தெரியும். என் டேப் அந்த விதிப்படி எச்சரிக்கையே இல்லை. நீ வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கு வீட்டுக்குப் போகிறவள் நான்.

வெளியே வந்ததும் என்ன செய்தேன்? உன் தோளைத் தொட்டேனா? "படிச்சிட்டுமாட்டி போட்டே? கண்ணு அவிஞ்சா போச்சு?" என்று கேட்டேன். நீ, "ஹவ்" என்றாய். அவ்வளவுதான். உன்மேல் எனக்கு நிஜமாகவே ஆத்திரம். நான் சொன்னதை இவள் மதிக்கவில்லை, அலட்சியக்காரி என்று. இரண்டு மாதத்தில் உன் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை. அடுத்த வருஷம் வந்த ஒரே நிரந்தர இடம் எனக்குக் கிடைத்தது. நீ போலாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அமிலமும் காரமும் காட்டுகிற வேலைக்குப் போனாய். செகந்திராபாத் ஸ்டேஷன் வாசலில் ஒருமுறை எதிரே வந்தாய். நான் போனைப் பார்த்துக்கொண்டு நடந்துவிட்டேன்.

இதற்கு மேலும் ஒன்று இருக்கிறது. அதையும் கேட்டுக்கொள். ஒவ்வொரு வருஷமும் புதிதாகச் சேர்கிறவர்களுக்குப் பாதுகாப்புப் பாடம் நான்தான் எடுக்கிறேன். அதில் ஒரு கதை சொல்வேன். "இங்கே ஒருத்தி இருந்தாள். பாட்டிலில் எழுதியிருந்ததைப் படித்தும் மதிக்கவில்லை. ஒரு வருஷ வேலை போயிற்று." பெயர் சொன்னதில்லை. பெயர் சொல்லாததைப் பெருந்தன்மை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன், பாவி.

இப்போது சொல்லுடி. ஏன் அப்படிச் செய்தாய்? படிக்க வராது என்பதை என் முன்னால் ஒப்புக்கொள்ள வெட்கமா? வேலையே போனாலும் பரவாயில்லை, இவள் வாயில் விழக் கூடாது என்ற ரோஷமா? அது என்றால் என்னால் பொறுத்துக்கொள்ள முடியும். இரண்டு ரோஷக்காரிகள் மோதினோம் என்று விட்டுவிடுவேன். ஆனால் நீ டேப்பை எறியவில்லையே. துடைக்கும்போது உரிந்த டேப்பை யாராவது பதினோரு வருஷம் நோட்டுக்குள் ஒட்டி வைப்பார்களா? செல்கள் சரிய ஆரம்பித்தபோதே, அந்த டேப் வேறு ஏதோ சொன்னது என்று உனக்கு விளங்கியிருக்கிறது. விதித்தாள் உனக்கும் தெரியும். தமிழ் டேப் துறைத்தலைவர் கண்ணில் பட்டால் யார் தலை உருளும் என்றும் தெரியும். அவர் பாட்டிலைக் கேட்குமுன் அதை உரித்து எடுத்துக்கொண்டாய். என்னைக் காப்பாற்றியிருக்கிறாய். யாரடி உன்னைக் கேட்டது? உனக்குப் பதினோரு வயதில் ஒரு பெண் இருந்தாள், வேலை வேண்டியிருந்தது. எனக்கு என்ன, தனிக்கட்டை. என்னிடம் வந்து, "ஏய், எனக்குப் படிக்க வராது, நீ பண்ண தப்புல நான் மாட்டிக்கினேன்" என்று ஒரு வரி சொல்லியிருந்தால் நானே உள்ளே போய்ச் சொல்லியிருப்பேன். சொல்லியிருப்பேனா? மூச்சை விட்டவள் சொல்லியிருப்பேனா? எனக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பைக்கூட நீ எனக்குக் கொடுக்கவில்லை. அதற்குத்தான் இத்தனை கோபம்.

போன சனிக்கிழமை உன் மகளுக்குப் போன் செய்தேன். வீட்டுக்கு வா என்று சொல்லாமல் நானே மெட்டுகுடாவுக்குப் போனேன். உன் கட்டில் இருந்த இடத்தில் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உட்கார்ந்து, டேப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் சொன்னேன். அவள் சிரித்துவிட்டாள். "நக்கோ? தட்ஸ் ஆல்?" பிறகு மீதியைச் சொன்னேன். மழை, ரயில், இரண்டு பாட்டில், துறைத்தலைவர் அறை, எல்லாம். துணி மடிப்பது நின்றுவிட்டது. தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தாள், உன்னைப் போலவே. கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஆன்ட்டி," என்றாள் கடைசியில், முதல் தடவையாகத் தமிழில், ஒவ்வொரு சொல்லாகத் தேடித் தேடி. "நான் எக்ஸாம்ல மார்க் கம்மி வாங்குனா மம்மி திட்டுவாங்க. நான் சொல்வேன், நீங்க மட்டும் கேர்லெஸ் இல்லியா, லேப்ல இருந்து எடுத்துட்டாங்கல்ல, அப்டீன்னு. எவ்ளோ தடவ சொல்லிருக்கேன். மம்மி ஒண்ணுமே சொல்ல மாட்டாங்க."

மன்னித்துவிடு என்றேன். அந்தச் சொல் எதற்கும் உதவவில்லை, அவள் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை. எழுந்துபோய் ஒரு வெள்ளைத்தாளும் பேனாவும் எடுத்து வந்து என் முன்னால் வைத்தாள். "எழுதிக் குடுங்க. உங்க ஆபீஸுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இங்கிலீஷ்ல எழுதுங்க, ஆன்ட்டி. எல்லாருக்கும் படிக்க வரணும்."

அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். அவள் வாசித்துப் பார்த்தாள். நடுவில் நான், "தகவல் தொடர்பில் ஏற்பட்ட இடைவெளி" என்று ஒரு வரி எழுதியிருந்தேன், அதில் விரலை வைத்து, "இது யாரு?" என்று கேட்டாள். அடித்துவிட்டு என் பெயரை எழுதினேன். திங்கட்கிழமை ஆபீஸில் ஒன்றைக் கொடுத்தேன். இப்போதைய தலைவர் படித்துவிட்டு, இத்தனை வருஷத்துக்குப் பிறகு இது எதற்கு அம்மா, உங்களுக்கும் ரிட்டயர்மென்ட் வரப்போகிறது என்றார். கோப்பில் சேருங்கள் என்று நின்றேன். சேர்த்து, எண் போட்டு, நகலில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும்வரை நகரவில்லை. அதனால் எனக்கு என்ன வரும் என்று தெரியாது. வரட்டும்.

உன்மேல் கோபம் தீரவில்லை. தீரும் என்றும் தோன்றவில்லை, அது என்னோடு இருக்கட்டும். இந்த வாரம் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடம் எடுத்தேன், பழைய கதையைச் சொல்லவில்லை. ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்து, படித்தாயா என்று கேட்காமல், என்ன எழுதியிருக்கிறது, உன் வாயால் சொல் என்று ஒவ்வொருவரிடமும் கேட்டேன். கிழவிக்குக் கிறுக்கு என்று ஒரு பெண் தெலுங்கில் முணுமுணுத்தாள். முணுமுணுக்கட்டும், உன்னைப்போல விழுங்கிவிடாமல் அவள் சத்தமாகத்தான் முணுமுணுத்தாள்.

உன் மகளிடம் இருக்கிற தாளின் கடைசி வரியை உனக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கிலீஷில்தான் எழுதினேன், தமிழில் இப்படி வரும்: என்னோடு வேலை செய்தவளுக்கு நான் எழுதிய எழுத்தைப் படிக்கத் தெரியாது; தெரியுமா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.